எமது மகன் நீந்த மறுத்தது ஏன்?



இப்பக்கத்தில் வழமையாக இடம்பெறும் விடயங்களுள் இது ஒன்றன்று. எம்மவர் கூடும் இடங்களில் இதைப்பற்றி எவரும் வாய்திறப்பதில்லை. திருமண வீட்டிலும், கோவில் திருவிழாவிலும், தமிழ்ப் பாடசாலை வாசலிலும் பிள்ளைகளின் புள்ளிகளைப் பற்றிப் பேசுவோம். அவர்களின் உடலைப் பற்றிப் பேசமாட்டோம். ஆண் பிள்ளையின் உடலைப் பற்றியோ பேசவே மாட்டோம்.

கணவனும் மனைவியுமாகிய நாம் இருவரும் சேர்ந்தே இதனை எழுதுகின்றோம். எழுதுவதற்கு முன் மகனின் சம்மதத்தைக் கேட்டோம். "பெயரைப் போடாமல் எழுதுங்கோ. அப்ப எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்" என்றான். அந்த ஒரு வசனமே இக்கட்டுரை பிறந்ததற்குக் காரணம்.

பாடசாலையிலிருந்து வந்த கடிதம்

நாம் வாழ்வது ஜேர்மனியில். எம்மில் தகப்பனானவர் 1991 ஆம் ஆண்டு அகதியாக இந்நாட்டுக்கு வந்தவர். தாயானவர் திருமணமாகி 2003 இல் வந்து சேர்ந்தவர். 2019 ஆம் ஆண்டில் எமது மகனுக்கு வயது 13. ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். இந்நாட்டுப் பாடசாலைகளில் நீச்சலும் ஒரு பாடம் என்பதையும், அதற்கும் புள்ளி உண்டு என்பதையும் வாசகர்கள் அறிவீர்கள்.

அவ்வருடம் மே மாதத்தில் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகன் பல வாரங்களாக நீச்சல் பாடத்திற்குச் சமூகமளிக்கவில்லை என்றும், வயிற்றுவலி, தலையிடி என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் கூறுகின்றான் என்றும் ஆசிரியர் எழுதியிருந்தார். நாம் திகைத்துப் போனோம். ஆறு வயதிலேயே நீந்தப் பழகியவன் அவன். தண்ணீரைக் கண்டால் கரையேற மறுத்த பிள்ளை, இப்பொழுது தண்ணீரில் இறங்க மறுக்கின்றான்.

பின்னர் யோசித்துப் பார்க்கையில் அடையாளங்கள் எல்லாம் எம் கண்முன்னேயே இருந்தன. கோடை வெயிலிலும் இரண்டு பெனியன்களை அணிந்து அவற்றின் மேல் தடித்த மேலாடை போட்டிருந்தான். நிமிர்ந்து நடந்தவன் தோள்களை முன்னே வளைத்துக் கூனி நடக்கத் தொடங்கியிருந்தான். குளியலறைக் கதவைப் பூட்டினால் நெடுநேரம் திறப்பதில்லை. தங்கை ஓடிவந்து கட்டிப்பிடித்தால் வலியால் முகத்தைச் சுளித்து அவளைத் தள்ளிவிட்டான். நாமோ இவையெல்லாம் கூடாத சேர்க்கையின் விளைவென்றும், கைத்தொலைபேசியின் விளைவென்றும் எண்ணினோம்.

தகப்பனானவர் அதட்டினார். "நீந்தத் தெரிந்த உனக்கு என்ன கேடு?" என்று கேட்டார். பிள்ளை வாய்திறக்கவில்லை. ஒருநாள் அவன் சட்டை மாற்றுகையில் தாயானவர் தற்செயலாக அறைக்குள் நுழைந்தார். பையனின் மார்பு இருபுறமும் சிறிது புடைத்திருந்ததைக் கண்டார். அன்றிரவு நாம் இருவரும் கதைத்துக்கொண்டதை இப்பொழுது எழுதவே வெட்கமாக இருக்கின்றது. கொழுப்பாக இருக்கும், சாப்பாட்டைக் குறைத்து ஓடவிட வேண்டும் என்றார் ஒருவர். கடைக்கோழி இறைச்சியில் ஊசி போடுகின்றார்களாம், அதனால்தான் என்றார் மற்றவர். புற்றுநோயோ என்ற அச்சம் இருவர் மனத்திலும் இருந்தது. அதை இருவரும் சொல்லவில்லை. மறுநாள் முதல் அவனது தட்டில் சோற்றைக் குறைத்தோம். அவன் ஒன்றும் கேட்காமல் எழுந்து போனான். உண்மையில் அவன் மெலிந்த பிள்ளை.

மொழிபெயர்க்க வந்தவன்

அவ்வாண்டு யூலை மாதத்தில் ஜேர்மனியின் சில இடங்களில் வெப்பம் 40 பாகையைக் கடந்தது. அந்த வெக்கையில்தான் எம்முடன் வாழ்ந்துவந்த அம்மப்பா, அதாவது தாயானவரின் தந்தையார், மூச்சுவிட முடியாமல் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு நீண்டகாலமாக இருதயப் பலவீனம். கால்கள் இரண்டும் நீர்கோத்து வீங்கியிருந்தன.

தகப்பனானவர் வேலைக்குப் போயிருந்தார். தாயானவருக்குக் கடைத்தெரு ஜேர்மன் மொழி போதும். வைத்தியர் பேசும் மொழி புரியாது. எனவே எம்மவர் பலருடைய வீடுகளில் நடப்பதுபோல, பதின்மூன்று வயதுப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளனாகக் கட்டிலருகே நின்றான். அது சரியன்று என்பதைப் பின்னர் உணர்ந்தோம். பெரியவர்களின் நோயையும் அச்சத்தையும் பிள்ளையின் வாயால் பேசவைப்பது அவன்மீது ஏற்றும் பாரமாகும். ஆயினும் அன்று நடந்தது இதுதான்.

வைத்தியர் குளிசைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஒழுங்காக எல்லாவற்றையும் எடுத்தாரா என்று கேட்டார். அம்மப்பா சுவரைப் பார்த்தார். ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டதாக மெல்லக் கூறினார். அது ஸ்பைரோனோலக்ரோன் என்னும் குளிசை. வைத்தியர் சிறிது யோசித்துவிட்டு, மார்பில் வீக்கமோ நோவோ உண்டா என்று கேட்கும்படி மகனிடம் சொன்னார்.

பிள்ளை உடனே மொழிபெயர்க்கவில்லை. அவன் முகம் சிவந்ததைத் தாயானவர் கண்டார். பின்பு கேட்டான்: "அம்மப்பா, உங்கட நெஞ்சு முன்னுக்கு வீங்கி நோகுதோ?"

"ஓம் ராசா. சேட் பட்டாலே நோகுது. அதாலதான் அந்தக் குளிசையை விட்டனான். இதை உன்ர அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

வைத்தியர் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. இக்குளிசையால் ஆண்களுக்கு இப்படி வருவது தெரிந்த விடயம் என்றும், சொல்லியிருந்தால் வேறு குளிசை தந்திருக்கலாம் என்றும், சொல்லாமல் நிறுத்தியதால்தான் உடலில் நீர் ஏறியது என்றும் விளக்கினார். மகன் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னான். சொல்லி முடித்ததும், வைத்தியரைப் பார்த்து ஜேர்மன் மொழியில் தானாகவே ஏதோ கேட்டான். தாயானவருக்கு அதில் விளங்கியது ஒரேயொரு சொல். "எனக்கும்" என்பதே அது.

வைத்தியர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பையனைப் பக்கத்து அறைக்கு அழைத்துச் சென்று சில நிமிடங்கள் பேசினார். திரும்பி வந்தபோது பிள்ளையின் தோள்கள் நிமிர்ந்திருந்தன. "அம்மா, எனக்கும் உது இருக்கு. இந்த வயசில கனபேருக்கு வருமாம். பிள்ளைகளின்ர டொக்ரரிட்டக் காட்டச் சொன்னவர்" என்றான். கட்டிலில் கிடந்த அம்மப்பா மூச்சிரைப்பினூடே சொன்னார்: "அப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒரே கட்சி."

பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் எமது மகன் வாய்விட்டுச் சிரித்தான்.

உண்மையில் இது என்ன?

அதன் பின்னரே நாம் இருவரும் கேட்டும் வாசித்தும் அறியத் தொடங்கினோம். வைத்தியர்கள் இதனைக் கைனகோமாஸ்ரியா என்று அழைக்கின்றனர். பெண், மார்பு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் ஆண் மார்பகப் பெருக்கம் எனலாம்.

ஆண் குழந்தையாயினும் பெண் குழந்தையாயினும் கருவிலேயே மார்புக்காம்பின் கீழ்ச் சிறிதளவு மார்புச் சுரப்பித் திசு அமைந்துவிடுகின்றது. அத்திசுவை வளரத் தூண்டுவது ஈஸ்ரோஜன் என்னும் ஓமோன். அதனை அடக்கி வைப்பது ரெஸ்ரோஸ்ரெரோன் முதலான ஆண் ஓமோன்கள். ஈஸ்ரோஜன் பெண்களுக்கு மட்டுமே உரியதென்று நாம் எண்ணியிருந்தோம். அது தவறு. ஆண்களின் உடலிலும் அது உண்டு. அரோமற்றேஸ் என்னும் நொதியம், கொழுப்பு முதலான திசுக்களில் ஆண் ஓமோனின் ஒரு பகுதியை ஈஸ்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கின்றது. தராசின் இரு தட்டுகளைப் போன்ற இவ்விரண்டின் சமநிலை குலையும்போது ஆணின் மார்பிலும் அச்சுரப்பி வளர்கின்றது.

ஓர் ஆணின் வாழ்வில் மூன்று பருவங்களில் இது இயல்பாகவே தோன்றக்கூடும். முதலாவது பிறந்தவுடன். தாயின் ஓமோன்கள் குழந்தையின் உடலிலும் கலந்திருப்பதால், பிறக்கும் குழந்தைகளுள் நூற்றுக்கு 60 முதல் 90 வரையானோருக்கு மார்பு சற்றுப் புடைத்திருக்கும். சிலருக்குப் பால்போன்ற நீரும் கசியும். சில வாரங்களில் தானாகவே மறைந்துவிடும். எமது பாட்டிமார் சிலர் அதனைப் பிதுக்கி எடுப்பார்கள். அவ்வாறு செய்தல் ஆகாது. பிதுக்கினால் கிருமி தொற்றிச் சீழ் பிடிக்கக்கூடும்.

இரண்டாவது பருவம் எமது மகனுடையது. பருவமடையும் வயதில் ஆண் ஓமோன் முழு அளவை எட்டுவதற்கு முன்னர், சிறிது காலம் ஈஸ்ரோஜனின் பங்கு மேலோங்கி நிற்கும். ஆய்வுக்கு ஆய்வு கணக்கு வேறுபட்டாலும், ஏறத்தாழப் பாதிப் பையன்களுக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகின்றதென வைத்தியர்கள் கூறுகின்றனர். 13, 14 வயதிலேயே அதிகம் காணப்படும். ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் வரலாம், தொட்டால் நோகலாம். பெரும்பாலானோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடங்களுக்குள் தானாகவே வற்றிவிடும்.

நீச்சல் தடாகத்தில் இறங்கிய முப்பது பையன்களுள் எத்தனை பேர் அதே அச்சத்துடன் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றிருப்பார்களோ! எமது பிள்ளையோ உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று எண்ணியிருந்தான்.

மூன்றாவது பருவம் ஏறக்குறைய 50 வயதிற்குப் பின். ஆண் ஓமோன் குறைகின்றது, உடற்கொழுப்பு கூடுகின்றது, குளிசைகளும் கூடுகின்றன.

கொழுப்பினால் மட்டும் மார்பு பருப்பது வேறு. இரண்டையும் வைத்தியர் கையாலேயே பெரும்பாலும் பிரித்தறிவார். மகனை மல்லாக்கப் படுக்கவைத்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் மார்பின் இரு ஓரங்களிலிருந்து காம்பை நோக்கி மெல்ல நகர்த்திப் பார்த்தார் பிள்ளை வைத்தியர். சுரப்பியாயின் காம்பிற்கு நேர் கீழே றப்பர் வில்லை போன்ற திசு விரல்களுக்குள் அகப்படும். கொழுப்பாயின் மிருதுவாகவே இருக்கும். வில்லை எதுவும் தட்டுப்படாது. எமது மகனிடம் வில்லை இருந்தது. அவனுடைய சோற்றை நாம் குறைத்தது வீண்வேலை என்பது அப்பொழுது தெரிந்தது. கோழிக் கதையும் அவ்வாறே. கால்நடைகளின் வளர்ச்சிக்காக ஓமோன் கொடுப்பது ஐரோப்பாவில் 1980 களிலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது.

குளிசைகளும் பிற காரணங்களும்

வளர்ந்த ஆண்களிடம் இது தோன்றினால் முதலில் ஆராயவேண்டியது குளிசைப் பெட்டியை. அம்மப்பாவுக்குக் கொடுக்கப்பட்ட ஸ்பைரோனோலக்ரோன் இருதயப் பலவீனத்திற்கும் ஈரல் நோயினால் வயிற்றில் நீர்கோத்தவர்களுக்கும் கொடுக்கப்படுவது. அது ஆண் ஓமோன் வேலைசெய்யும் இடத்தை அடைத்துவிடுகின்றது. 1999 இல் வெளியான றேல்ஸ் என்னும் பெரிய ஆய்வில், இக்குளிசையை எடுத்த ஆண்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மார்பு வீக்கமோ நோவோ ஏற்பட்டது. ஆனால் அதே ஆய்வில், கடுமையான இருதயப் பலவீனம் உடையோரின் மரணங்கள் இக்குளிசையால் நூற்றுக்கு 30 வீதம் குறைந்தன. உயிரைக் காக்கும் குளிசையை வெட்கத்தினால் நிறுத்திவிட்டார் எமது அம்மப்பா. வைத்தியர் அதற்குப் பதிலாக எப்ளெரினோன் என்னும் குளிசையைக் கொடுத்தார். அதனால் இந்தத் தொல்லை வருவது மிகக் குறைவு. சில மாதங்களில் நோவு தணிந்தது.

வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கப்படும் சிமெற்றிடீன், பங்கசு நோய்க்கு உட்கொள்ளும் கீற்றோகொனசோல், மனநோய்க்கான றிஸ்பெரிடோன், இருதயத்திற்கான டிஜொக்சின், புறொஸ்ரேற் சுரப்பி நோய்களுக்கான சில குளிசைகள், முடி உதிர்வதைத் தடுக்க இளைஞர்கள் எடுக்கும் பினாஸ்ரறைட் ஆகியனவும் இப்பட்டியலில் உள்ளன. வாசகர்கள் இதனை வாசித்துவிட்டு எந்தக் குளிசையையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வைத்தியரிடம் சொல்லுங்கள், மாற்றுவதா இல்லையா என்பதை அவர் தீர்மானிப்பார்.

உடற்பயிற்சி நிலையங்களுக்குச் செல்லும் எமது இளைஞர்களுக்கு ஒரு சொல். தசை பெருக்கவென்று களவாக விற்கப்படும் ஸ்ரெறோயிட் மருந்துகள் ஆண் ஓமோனின் உறவினங்களே. அளவுக்கு மிஞ்சிய ஆண் ஓமோனை உடல் ஈஸ்ரோஜனாக மாற்றிவிடுகின்றது. ஆண்மையை வாங்கப் போனவர் மார்பகத்தோடு திரும்புகின்றார்.

நீண்டகால மதுப்பழக்கத்தால் ஈரல் கெட்டுப்போனவர்களிடமும் இது காணப்படும். தனிமையையும் இழப்பையும் போத்தலில் கரைக்க முயன்ற எம்மவர் பலரை நாம் அறிவோம். அவர்களுக்கு இது உடல் விடுக்கும் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். சிறுநீரகம் செயலிழத்தல், தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரத்தல், அரிதாக விதைகளில் தோன்றும் கட்டி ஆகியனவும் காரணங்களாகலாம். கிளைன்பெல்ரர் என்னும் அமெரிக்க வைத்தியர் 1942 இல் விவரித்த ஒரு நிலையும் உண்டு. ஆணின் கலங்களில் ஒரு எக்ஸ் நிறமூர்த்தம் மேலதிகமாக இருக்கும். ஏறக்குறைய 500 முதல் 1000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் அவ்வாறு பிறக்கின்றார். பலர் அதனை அறியாமலே வாழ்கின்றனர்.

அகதிகளும் இந்நோயும்

இதனைத் தேடி வாசித்தபோது எதிர்பாராத ஓரிடத்தில் எம்மவர் போன்றோரைக் கண்டோம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறைமுகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்ட ஆண்கள் பலருக்கு, நீண்ட பட்டினிக்குப் பின் மீண்டும் வயிறார உண்ணத் தொடங்கியபோது மார்பு வீங்கியது. பட்டினியில் உடல் ஆண் ஓமோன் சுரப்பதைக் குறைத்துவிடுகின்றது. உணவு திரும்பியதும் சுரப்பு மறுபடி தொடங்குகின்றது. அவ்வகையில் அது இரண்டாம் முறை பருவமடைவதைப் போன்றது என வைத்தியர்கள் விளக்கினர். காலப்போக்கில் அவ்வீக்கம் மறைந்தது.

1981, 1982 ஆம் ஆண்டுகளில் ஹெயிற்றி நாட்டிலிருந்து படகேறி அமெரிக்காவுக்குச் சென்று, அங்கே தடுத்து வைக்கப்பட்ட ஆண்கள் பலருக்கும் இவ்வாறே நேர்ந்தது. அதனை ஆராய்ந்தவர்கள், உணவுக் குறைவின் பின் நல்லுணவு கிடைத்ததே காரணமாகலாம் என்றனர். பின்னர் 2003 இல் வேறு ஆய்வாளர்கள், பேனை ஒழிப்பதற்காக அவர்கள்மீது பயன்படுத்தப்பட்ட மருந்தில் இருந்த பீனொத்திரின் என்னும் பொருளைச் சந்தேகித்தனர். எது காரணமாயினும், வேற்று நாட்டின் கம்பிவேலிக்குள், மொழி தெரியாமல், தன் உடலில் நடப்பது என்னவென்று புரியாமல் நின்ற அந்த மனிதர்களின் நிலை எமக்கு விளங்குகின்றது.

தகப்பனானவருக்கு அப்பொழுது ஒரு முகம் ஞாபகத்திற்கு வந்தது. 1991 இல் 'கைம்' என்று நாம் அழைக்கும் அகதி விடுதியில் ஒரே அறையில் நால்வர் தங்கியிருந்தனர். அவர்களுள் ஒருவர் மாதக்கணக்கில் வழிநெடுகப் பட்டினி கிடந்து வந்து சேர்ந்தவர். வந்த சில மாதங்களில் தமது மார்பு நோகின்றதென்றார். வைத்தியரிடம் போனால் நோயாளியென்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என அஞ்சி, இரவில் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தார். அவருக்கு இருந்தது இதுதானா என்று இன்று எம்மால் கூற இயலாது. ஆனால் கேட்டறிய வழியில்லாத அச்சம் எப்படிப்பட்டது என்பதைக் கூற இயலும்.

எப்பொழுது வைத்தியரை நாடவேண்டும்?

பருவமடையும் வயதில் வரும் சாதாரண வீக்கத்திற்கு மருந்து வேண்டியதில்லை. ஆறு மாதத்திற்கு ஒருமுறை காட்டினால் போதும். ஆயினும் முதல் முறை வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். பருவமடைதலின் பிற அடையாளங்கள் தோன்றுமுன்னரே மார்பு வளர்ந்தால், விரைவாகப் பெருத்தால், இரண்டு வருடமாகியும் வற்றாமல் நின்றால், விதையில் கட்டி தட்டுப்பட்டால் காலந்தாழ்த்தக் கூடாது. வைத்தியர் விதைகளையும் சோதிப்பார். தேவையாயின் இரத்தத்தில் ஓமோன்களின் அளவையும், ஈரல், சிறுநீரகம், தைரொயிட் ஆகியவற்றின் நிலையையும் பார்ப்பார்.

வளர்ந்த ஆண்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். அரிதுதான், மார்பகப் புற்றுநோயாளர் நூறு பேரில் ஒருவரே ஆண். சாதாரண வீக்கம் காம்பிற்கு நேர் கீழே, றப்பர் போல அசையும் தன்மையுடன் இருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும், காம்பிலிருந்து விலகி, கல்போன்ற கட்டி இருந்தால், தோல் உட்குழிந்தால், காம்பு உள்ளிழுபட்டால், இரத்தம் கசிந்தால், அக்குளில் நெறி கட்டினால், உடனே செல்லுங்கள். மமோகிராம் என்னும் கதிர்ப்படமும் ஒலியலைப் படமும் எடுத்து, வேண்டுமாயின் ஊசியால் சிறு துணுக்கெடுத்துச் சோதிப்பார்கள்.

வற்றாமல் நிற்கும் வீக்கத்திற்கு வழி இல்லாமலில்லை. தொடக்கத்தில் நோவுள்ளபோது சிலருக்கு ரமொக்சிபென் என்னும் குளிசை கொடுப்பதுண்டு. ஒரு வருடத்திற்கு மேற்பட்டால் சுரப்பி நார்த்தன்மை அடைந்துவிடும். அப்பொழுது குளிசை பெரிதும் பயன்தராது. சத்திரசிகிச்சையால் அகற்றலாம். இது புதிய வித்தையும் அன்று. ஏழாம் நூற்றாண்டிலேயே ஏயினா தீவைச் சேர்ந்த பௌல் என்னும் கிரேக்க வைத்தியர் இதற்கான அறுவை முறையை எழுதி வைத்திருக்கின்றார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் ஆண்கள் இதற்காக வெட்கப்பட்டிருக்கின்றார்கள். அவர்களுக்கு உதவ வைத்தியரும் இருந்திருக்கின்றார்.

ஜேர்மனியில் வாழும் பெற்றோர் ஒன்றை அறிந்துவைத்தல் நன்று. 12 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளுக்கு 'யொற் 1' எனப்படும் உடற்பரிசோதனை உண்டு. அதற்கான செலவைச் சுகாதாரக் காப்புறுதியே ஏற்கின்றது. பிள்ளை விரும்பினால் பெற்றோர் இல்லாமல் தனியே வைத்தியருடன் பேசலாம். நாம் அக்கடிதத்தை இழுப்பறையில் போட்டு மறந்துவிட்டிருந்தோம்.

நாம் செய்த தவறு

தகப்பனானவர் இன்னொன்றையும் இங்கே எழுதவேண்டும் என்றார். ஊரில் பதினான்கு வயதில் அவருடன் படித்த ஒரு பையனுக்கும் இப்படித்தான் இருந்தது. கிணற்றடியில் குளிக்கையில் அதனைக் கண்ட பையன்கள் அவனுக்கு ஒரு பெண்ணின் பெயரை வைத்து அழைத்தார்கள். அழைத்தவர்களுள் இவரும் ஒருவர். அப்பையன் முதலில் விளையாட்டை விட்டான். பின்னர் பாடசாலையையே விட்டான். போர் வந்து எல்லோரையும் சிதறடித்தது. அவன் எங்கே இருக்கின்றான் என்று இவருக்குத் தெரியாது. தனது மகனின் கூனிய தோள்களைக் கண்ட பின்னரே, அந்தப் பையனின் தோள்கள் இவரது நினைவுக்கு வந்தன. மன்னிப்புக் கேட்க முகவரி இல்லை. ஆகவே இங்கே எழுதுகின்றோம்.

மார்பு வீங்கியதால் ஒரு பையன் பெண்ணாகிவிடுவதில்லை. அவனது ஆண்மைக்கும் அதனால் குறைவில்லை. வைத்தியர் இரண்டு நிமிடங்களில் சொன்ன இச்செய்தியைக் கேட்பதற்கு எமது பிள்ளை எட்டு மாதங்கள் தனியே காத்திருந்தான். அந்த எட்டு மாதங்களும் நாம் அடுத்த அறையில்தான் இருந்தோம். "ஏன் நீந்தவில்லை?" என்று அதட்டிக் கேட்டோம், "உனக்கு ஏதாவது நோகின்றதா?" என்று ஒரு தரமும் கேட்கவில்லை.

பின்னர் தகப்பனானவர் ஆசிரியரைத் தனியே சந்தித்து விடயத்தைச் சொன்னார். நீச்சலுக்கென விற்கப்படும் மேற்சட்டையை அணிந்துகொண்டு தண்ணீரில் இறங்க ஆசிரியர் தடை சொல்லவில்லை. வேறு இரண்டு பையன்களும் அடுத்த வாரம் அதேபோன்ற மேற்சட்டையுடன் வந்தார்களாம். ஏனென்று எவரும் கேட்கவில்லை. ஒன்றரை வருடத்தில் மகனின் வீக்கம் வற்றிவிட்டது. அம்மப்பா 2022 இல் இறைவனடி சேர்ந்தார். இறுதிவரை தமது குளிசைகளைப் பேரனிடம் காட்டிக் கேட்டே எடுத்தார். வைத்தியரிடம் செல்லும்போது மட்டும் பேரனை அழைப்பதில்லை. மொழிபெயர்ப்புக்குப் பெரியவர் ஒருவரை ஒழுங்குசெய்தோம்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் வெயிலில் தடித்த மேலாடையுடன் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். சட்டை உரசினால் முகம் சுளிக்கும் ஒரு முதியவர் இருக்கக்கூடும். அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். இப்பத்திரிகையை வாசித்தபின் மடித்து வைக்காமல், இப்பக்கம் மேலே தெரியும்படி மேசையில் விட்டுவிடுங்கள்.

– ஒரு தாயும் தகப்பனும், ஜேர்மனி